ஒரு விற்பனையாளரின் மரணம்: சொல்லில் விளைந்த அவலம்



தமிழுக்கென அமைந்த இம்மேடையில் ஓர் அமெரிக்க நாடகத்தைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கதைக்கோப்பு, பாத்திரப் படைப்பு, பின்னணி, குறியீடு, உரையாடல் என இலக்கியக் கூறுகளை நம் மாணவர்கள் பட்டியலாக மனனம் செய்கின்றனர். தேர்வுத் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதுகின்றனர். இக்கூறுகள் ஒரு நல்ல படைப்பில் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காட்ட இந்நாடகத்தைப் போல் உதவும் நூல்கள் மிகச் சில. இது முதற் காரணம். வேற்று மொழிப் படைப்பொன்றைத் தமிழ் இலக்கணத்தின் துணையோடு எண்ணிப் பார்க்கும்போது, இரண்டு மொழிகளின் இயல்பும் நமக்குத் தெளிவாகப் புலப்படும். இது இரண்டாவது.

நான் எடுத்துக்கொண்ட நாடகம் ஆர்தர் மில்லர் எழுதிய 'ஒரு விற்பனையாளரின் மரணம்'. இதன் நாயகரைப் பணமின்மையும் முதுமையும் மட்டும் வீழ்த்தவில்லை. தம்மை அளந்துகொள்ள அவர் தேர்ந்துகொண்ட ஒரு சொல்லே அவரை வீழ்த்தியது என்பது என் கருத்து. இவ்வுரை அக்கருத்தை நிறுவ முயல்கிறது.

நாடகமும் அதன் காலமும்

மில்லர் 1915ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் பெண்களுக்கான மேலங்கிகளைத் தயாரித்து விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்து, அதைத் தொடர்ந்து பொருளாதாரப் பெருமந்தம் சூழ்ந்தபோது அத்தொழில் நொடித்துப்போனது. வசதியாக வாழ்ந்த குடும்பம் ப்ரூக்ளின் பகுதியில் எளிய வாழ்க்கைக்குத் தள்ளப்பட்டது. நேற்றுவரை மதிக்கப்பட்ட ஒருவர் இன்று தம் வீட்டிலேயே குரல் தாழ்ந்து நிற்பதை இளம் பருவத்திலேயே கண்டவர் மில்லர்.

1948இல் கனெக்டிகட் மாநிலத்தில் தம் கைகளாலேயே சிறு மரக்குடில் ஒன்றைக் கட்டி, அதில் அமர்ந்து இந்நாடகத்தை எழுதினார். 1949ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் நியூயார்க்கின் மொரோஸ்கோ அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியது. எலியா கசான் இயக்க, லீ ஜே. கோப் வில்லி லோமனாக நடித்தார். ஜோ மில்சினர் அரங்க அமைப்பை வகுத்தார். தொடர்ந்து 742 காட்சிகள் நடைபெற்றன. அவ்வாண்டே புலிட்சர் பரிசும் டோனி விருதும் கிடைத்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, அமெரிக்காவில் புதிய வீடுகளும் கார்களும் குளிர்பதனப் பெட்டிகளும் தவணை முறையில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. முயன்றால் எவரும் முன்னேறலாம் என்னும் நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. அந்த நம்பிக்கையின் நடுவே, முயன்றும் முன்னேறாத ஒரு மனிதரை மில்லர் மேடையில் நிறுத்தினார்.

கதை எளியது. வில்லி லோமனுக்கு வயது 63. பல்லாண்டுகளாக ஒரே நிறுவனத்திற்காக ஊர் ஊராகக் காரோட்டிச் சென்று பொருள் விற்பவர். இப்போது சம்பளம் நிறுத்தப்பட்டு, விற்பனைத் தரகை மட்டுமே நம்பி வாழ்கிறார். மனைவி லிண்டா. மூத்த மகன் பிஃப், 34 வயதாகியும் எவ்வேலையிலும் நிலைக்காதவன். இளைய மகன் ஹாப்பி. ஓரிரவு, பயணத்தைத் தொடர இயலாமல் வில்லி பாதி வழியில் வீடு திரும்புகிறார். மறுநாள் வேலையை இழக்கிறார், மகனோடு மோதுகிறார், அன்றிரவே தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். 20,000 டாலர் காப்பீட்டுத் தொகை மகனுக்குக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் இவ்வளவும் நிகழ்ந்துவிடுகின்றன.

சுவர்களைக் கடக்கும் காலம்

ஒரு நாளில் நிகழும் கதைக்குள் இருபதாண்டு வாழ்க்கையை மில்லர் அடக்கியது எவ்வாறு? நாடகத்துக்கு அவர் முதலில் எண்ணிய தலைப்பு, நாயகரின் தலைக்குள் நடப்பதைக் குறிப்பதாக இருந்தது. அந்த எண்ணமே கதைக்கோப்பை வகுத்தது. வில்லி கடந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறார் என்று சொல்வது போதாது. அவருக்குக் கடந்த காலம் கண்முன்னே நடக்கிறது.

இதற்கு மேடையில் ஓர் எளிய விதியை மில்லர் வகுத்தார். நிகழ்காலக் காட்சியில் நடிகர்கள் வீட்டின் சுவர் எல்லையை மதித்து, வாசல் வழியாகவே உள்ளே வருவர். கடந்த காலக் காட்சியில் சுவர் இருக்க வேண்டிய இடத்தை ஊடுருவி முன்மேடைக்கு வந்துவிடுவர். வீட்டைச் சுற்றி நெருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் மறைந்து, இலைகளின் நிழல் மேடையெங்கும் படரும். வசனம் ஏதுமின்றியே, இப்போது எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதைப் பார்வையாளர் உணர்ந்துகொள்வர்.

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத்தக்க காட்சி ஒன்று முதல் அங்கத்தில் உள்ளது. வில்லியும் அண்டை வீட்டுக்காரர் சார்லியும் இரவில் சீட்டாடுகின்றனர். அப்போது வில்லியின் மனத்திரையில், இறந்துபோன அண்ணன் பென் தோன்றுகிறார். வில்லி ஒரே நேரத்தில் இருவரோடும் பேசுகிறார். பென்னுக்கு அவர் கூறும் மறுமொழி சார்லியின் காதில் விழுகிறது. சார்லி அதைத் தமக்குச் சொன்னதாகக் கொண்டு பதில் தருகிறார். உரையாடலில் ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்கும் முறைமை ஒன்று உண்டென்று மொழியியலில் கற்பிக்கிறோம். அம்முறைமை கண்முன்னே குலைகிறது. பார்வையாளர் முதலில் சிரிக்கின்றனர். பிறகு சிரிப்பு அடங்குகிறது. ஒரு மனம் நிலைகுலைவதை மருத்துவச் சொல் எதுவும் இன்றி உரையாடலின் வடிவமே உணர்த்திவிடுகிறது.

இந்நாடகத்தின் துணைத் தலைப்பிலும் இதற்குச் சான்று உண்டு. இரண்டு அங்கங்களிலும் ஓர் இரங்கற் பகுதியிலும் அமைந்த தனிப்பட்ட உரையாடல்கள் என்னும் பொருளில் அது அமைந்துள்ளது. இது உரையாடல்களின் தொகுப்பு என்று ஆசிரியரே அறிவித்த பின்னர், நாம் முதலில் ஆராய வேண்டியது அவ்வுரையாடல்களின் மொழியைத்தான்.

முரண்படும் சொற்கள்

வில்லியின் பேச்சில் முதலில் கண்ணிற்படுவது முரண். மகன் பிஃப் சோம்பேறி என்று மனைவியிடம் சினந்து கூறுகிறார். சற்று நேரத்திலேயே, அவனிடம் சோம்பல் மட்டும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். தம் செவர்லே காரை உலகிலேயே சிறந்த கார் என்று புகழ்கிறார். பழுதுபார்த்த செலவை மனைவி நினைவூட்டியதும், அத்தகைய காரைச் செய்வதையே தடைசெய்ய வேண்டும் என்கிறார்.

இவற்றுள் ஆழமானது விற்பனைக் கணக்குக் காட்சி. பயணத்திலிருந்து திரும்பிய வில்லி, ஓர் ஊரில் ஐந்நூறு, பாஸ்டனில் எழுநூறு என்று தம் விற்பனையைப் பெருமையுடன் அறிவிக்கிறார். லிண்டா காகிதமும் பென்சிலும் எடுத்துத் தரகுத் தொகையைக் கணக்கிடத் தொடங்குகிறார். 212 டாலர் என மகிழ்கிறார். உடனே வில்லியின் குரல் தாழ்கிறது. எண்கள் படிப்படியாகக் குறைகின்றன. முடிவில், பயணம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ இருநூறுதான் என்னும் உண்மை வெளிப்படுகிறது. லிண்டா கடிந்துரைக்கவில்லை, புதிய எண்ணை எழுதிக்கொள்கிறார். அவ்வளவுதான் காட்சி. அவர் எவரையும் ஏமாற்ற முனைந்த பொய்யர் என்று இதனைக் கண்டபின் நம்மால் சொல்ல இயலாது. சொல்லும் கணத்தில் அவர் தம் சொல்லை நம்புகிறார். பென்சில் முனை அந்தச் சொல்லைச் சோதிக்கும்போதுதான் அது உடைகிறது.

செய்பவர் இல்லாத வினை

இனி நாடகத்தின் மையச் சொல்லுக்கு வருவோம். வாழ்வில் வெற்றி பெறுவதற்கு வில்லி கண்ட வழி ஒன்றே: ஒருவன் பிறரால் நன்கு விரும்பப்பட வேண்டும். அண்டை வீட்டுப் பையன் பெர்னார்ட் படிப்பில் சிறந்தவன். அவனைப் பிறர் விரும்பலாம். ஆனால் 'நன்கு' விரும்பப்படுபவன் அல்லன் என்று வில்லி தரம் பிரிக்கிறார். தந்தையின் இந்த அளவுகோலை மகன்களும் அப்படியே திருப்பிச் சொல்கின்றனர்.

இத்தொடரின் இலக்கணத்தைச் சற்று நோக்குங்கள். இது செயப்பாட்டுவினை. ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை வரும்போது, செய்பவர் யார் என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். விரும்பப்படுகிறான் என்றால், யாரால்? எதற்காக? எத்தனை நாளைக்கு? வாக்கியம் விடை தருவதில்லை, வில்லியும் கேட்பதில்லை. தம் மதிப்பு முழுவதையும், பெயரும் முகமும் இல்லாத யாரோ சிலரின் விருப்பத்தில் அவர் அடகு வைத்துவிட்டார்.

இதையே தமிழில் பெயர்க்க முயலுங்கள். 'விரும்பப்படுபவன்' என்பது நூல்வழக்கு. ஒரு விற்பனையாளரின் வாயில் அது இயல்பாக ஒலிக்காது. 'எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும்' என்றுதான் நாம் பேசுவோம். அப்படிச் சொன்னவுடன் 'எல்லாருக்கும்' என்னும் நான்காம் வேற்றுமைச் சொல் உள்ளே வந்துவிடுகிறது. தமிழ் வழக்கு, யாருக்கு என்ற கேள்வியை எழுப்பி விடையும் கேட்கிறது. மூலத்தில் மறைந்து நின்ற வெற்றிடம் மொழிபெயர்ப்பில் நிரம்பிவிடுகிறது. இந்நாடகத்தைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ள வேண்டிய மிகக் கடினமான இடம் இதுவே என்பேன்.

மற்றொன்றும் உண்டு. தமிழில் செயப்பாட்டுவினையை உணர்த்தும் 'படு' என்னும் துணைவினை, துன்பப்படு, அவமானப்படு, அல்லற்படு எனப் பெயரோடு சேர்ந்து ஒருவர் தாமே உறும் நிலையையும் உணர்த்தும். பிறர் செயலுக்கு ஆட்பட்டு வாழ்பவர் எந்நேரமும் துன்பத்துக்கும் ஆட்படலாம் என்பதை நம் துணைவினை நினைவூட்டுகிறது.

செயப்பாட்டுவினை நாடகத்தில் இன்னோர் இடத்தில், முற்றிலும் வேறொரு பயனோடு வருகிறது. தந்தையை இகழ்ந்து பேசும் மகன்களை நோக்கி லிண்டா பேசும் பகுதி அது. தம் கணவர் பெரிய மனிதர் அல்லர், பெரும் பணம் ஈட்டியவர் அல்லர் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவர் ஒரு மனிதர். அவருக்குக் கொடியதொன்று நேர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அவர்மீது கவனம் செலுத்தப்பட வேண்டும் என்கிறார். இங்கும் செய்பவர் சொல்லப்படவில்லை. யார் கவனம் செலுத்த வேண்டும்? மகன்களா, முதலாளியா, நாடா? பெயர் சொல்லாமையால் அக்கடமை கேட்போர் அனைவர்மீதும், அரங்கில் அமர்ந்திருப்போர்மீதும் விழுகிறது. ஒரே இலக்கண வடிவம், வில்லியிடம் பொறுப்பற்ற நம்பிக்கையாகவும் லிண்டாவிடம் தட்ட முடியாத கோரிக்கையாகவும் அமைகிறது.

விளிச்சொல்லும் மதிப்பும்

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் வில்லி தம் முதலாளி ஹோவர்டைக் காணச் செல்கிறார். ஹோவர்டுக்கு வயது 36, வில்லிக்கு 63. அவன் பிறந்த நாளில் அவனுக்குப் பெயர் வைப்பது பற்றி அவனுடைய தந்தை தம்மிடம் கருத்துக் கேட்டார் என்கிறார் வில்லி. அந்த ஹோவர்ட், தன் தந்தை வயதுள்ள ஊழியரைச் சிறுவனை அழைக்கும் சொல்லால் திரும்பத் திரும்ப விளிக்கிறான். கடுமையாக ஒரு சொல்லும் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டே பேசுகிறான். அந்த விளி ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு இல்லை. ஆகவே மில்லர் விளிச்சொல்லைக் கொண்டு அந்த ஏற்றத்தாழ்வைக் காட்டினார். தமிழில் பெயர்ப்பவர் ஹோவர்டின் வாயில் 'நீ' என்று வைப்பாரா, 'நீங்கள்' என்று வைப்பாரா? 'நீ' என்றால் அவன் முரடனாகிவிடுவான். 'நீங்கள்' என்று தொடங்கி, இடையில் 'பெரியவரே' என்று வஞ்சகமாகக் குழைந்தால் ஒருவேளை மூலத்துக்கு நெருங்கி வரலாம். இத்தகைய கேள்வியை மாணவர்களிடம் எழுப்பிப் பாருங்கள். பாத்திரப் படைப்பு பற்றிய கட்டுரையைவிட நுட்பமான விடைகள் கிடைக்கும். இவ்வுரையில் நான் வில்லியை 'அவர்' என்றே குறித்து வருவதையும் கவனித்திருப்பீர்கள். திறனாய்வு வழக்கில் கதைமாந்தரை 'அவன்' என்பதில் தவறில்லை. ஆயினும், லிண்டா கேட்ட கவனத்தை அளிக்கத் தமிழ் நமக்கு ஒரு விகுதியைத் தந்திருக்கும்போது அதை ஏன் மறுக்க வேண்டும்?

அதே காட்சியில் வில்லி, ஊர் சுற்றும் வேலையிலிருந்து விடுவித்து நகரிலேயே இடம் தருமாறு வேண்டுகிறார். வாரத்துக்கு 65 டாலர் போதும் என்கிறார். பிறகு 50 என்கிறார். பிறகு 40 என்கிறார். வாழ்நாளெல்லாம் பொருளுக்கு விலை சொல்லிப் பழகியவர், இப்போது தமக்கே விலை சொல்லி, வாங்குவார் இன்றிக் குறைத்துக்கொண்டே போகிறார். அவர் பெட்டிகளில் எப்பொருளைச் சுமந்தார் என்பதை மில்லர் நாடகத்தில் எங்குமே சொல்லவில்லை. அதன் காரணம் இக்காட்சியில் விளங்கிவிடுகிறது.

பொருள்கள் தாங்கும் பொருள்

குறியீடுகள் என்று நாம் கூறுபவையும் இந்த மொழிச் சிக்கலோடு பிணைந்தே உள்ளன. ஹோவர்டின் அறையில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. அவன் தன் குழந்தைகளின் குரலைப் போட்டுக் காட்டுகிறான். வாழ்வின் இறுதி வேண்டுகோளோடு எதிரே நிற்கும் மனிதரின் குரலுக்குச் செவி தரவில்லை. பின்னர் வில்லி தனித்திருக்கையில் கருவி தவறுதலாக இயங்கத் தொடங்குகிறது. மாநிலத் தலைநகரங்களை ஒப்பிக்கும் சிறுவனின் குரல் நில்லாமல் ஒலிக்கிறது. அதை நிறுத்தத் தெரியாமல் வில்லி அலறுகிறார். கேட்பவர் யார் என்று அறியாமல் பேசிக்கொண்டே இருக்கும் அக்குரல், ஒரு வகையில் அவருடைய குரலே அன்றோ?

காலுறையும் அவ்வாறே. லிண்டா வீட்டில் கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருப்பார். வில்லி அதைக் காணப் பொறுக்காமல் சினப்பார். பாஸ்டன் விடுதியில் வேறொரு பெண்ணுக்கு அவர் புதிய காலுறைகளைப் பரிசளித்த காட்சி வரும்போதுதான் அந்தச் சினத்தின் வேர் தெரிகிறது. கணிதத்தில் நான்கு மதிப்பெண் குறைந்து தேர்ச்சி தவறிய பிஃப், தந்தை வந்து பேசினால் ஆசிரியர் இசைவார் என்று நம்பி அந்த விடுதிக்கு ஓடி வருகிறான். தந்தையின் சொல்வன்மைமேல் அவ்வளவு நம்பிக்கை. கதவு திறந்ததும் அந்நம்பிக்கை முறிகிறது. அதன் பின் அவன் எதிலும் ஊன்றி நிற்கவில்லை.

நாடகம் புல்லாங்குழல் ஓசையுடன் தொடங்கி அவ்வோசையுடனே முடிகிறது. வில்லியின் தந்தை புல்லாங்குழல்களைத் தாமே செய்து ஊர் ஊராகச் சென்று விற்றவர். தாம் செய்ததைத் தாமே விற்ற அவரிடம் கைக்கும் சொல்லுக்கும் இடையே பிளவில்லை. வில்லிக்கும் கைத்திறன் உண்டு. வீட்டின் கூரைத்தளத்தையும் முன்படிகளையும் செம்மையாக அமைத்தவர் அவரே. அந்த முன்படியில் இருந்த வில்லி, அவர் செய்த விற்பனைகள் அனைத்திலும் இருந்த வில்லியைவிட மெய்யானவர் என்பதை மகன் பிஃப் கல்லறையருகே உணர்கிறான். மாண்ட மனிதருக்கு அது காலங்கடந்த பாராட்டு.

இது துன்பியல் நாடகமா?

துன்பியலின் நாயகர் உயர்நிலையில் உள்ளவராக இருத்தல் வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கவிதையியலை ஒட்டி வளர்ந்த மரபு. தவணைக் கடனோடு போராடும் ஒரு விற்பனையாளரை அந்த வரிசையில் வைக்கலாமா என்னும் விவாதம் நாடகம் மேடையேறிய நாளிலிருந்தே எழுந்தது. அதே மாதம் 27ஆம் நாள் மில்லர் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தம் மதிப்பைக் காத்துக்கொள்ள உயிரையும் கொடுக்கத் துணியும் எவரும், அரசராயினும் சாமானியராயினும், துன்பியலுக்கு உரியவரே என்பது அதன் சாரம்.

இதற்கு எதிரான வாதத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. துன்பியல் நாயகருக்கு முடிவில் தம்மைப் பற்றிய தெளிவு பிறக்கும். வில்லிக்கு அது பிறக்கவில்லை. ஆகவே நாம் அவருக்காக இரங்கலாமே தவிர வியக்க இயலாது என்பர் சிலர். தெளிவு பெறுபவன் மகன்தான் என்பது உண்மை. தானும் தந்தையும் தனிச் சிறப்பு ஏதுமில்லாத சாதாரண மனிதர்கள் என்று பிஃப் வெளிப்படையாகச் சொல்கிறான். அவன் வாக்கியங்கள் குறுகியவை, 'நான்' என்று தொடங்குபவை, செய்வினையில் அமைந்தவை. வில்லி அதற்கு மறுமொழியாகத் தம் முழுப்பெயரையும் மகனின் முழுப்பெயரையும் உரக்கக் கூவுகிறார். வேறு சான்று அவரிடம் இல்லை.

ஆனால் அடுத்து நிகழ்வதைப் பாருங்கள். மகன் உடைந்து அழுகிறான், தந்தையைப் பற்றிக்கொள்கிறான். வில்லி வியந்து, பிஃபுக்குத் தம்மைப் பிடித்திருக்கிறது என்கிறார். உடனே லிண்டா, அவனுக்கு உங்கள்மீது அன்பு என்று அதைத் திருத்துகிறார். வாழ்நாள் முழுவதும் செய்பவர் இல்லாத வினையையே நம்பியவரின் வாக்கியத்தில் முதன்முறையாகச் செய்பவர் வந்துவிட்டார். அவருக்குப் பெயர் இருக்கிறது, அவர் எதிரிலேயே நிற்கிறார். இதையே அவர் பெற்ற தெளிவு என்பேன். அவலம் யாதெனின், கிடைத்த அன்பை வைத்துக்கொள்ள அவரிடம் வேறு சொல் இல்லை. அதை உடனே விலையாக மாற்றுகிறார். 20,000 டாலராக அதை மகனுக்குத் திருப்பித் தரப் புறப்படுகிறார்.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைக் கூறுகிறார். பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை என இவற்றைக் கொள்ளலாம். ஹோவர்டின் அறையில் இளிவு. வேலையும் மகனும் போனது இழவு. 1928இல் வாரம் 170 டாலர் ஈட்டியதாகச் சொல்லிக்கொள்பவர் இன்று ஒன்றுமில்லாமல் நிற்பது அசைவு. சார்லியிடம் வாரந்தோறும் 50 டாலர் கடன் வாங்கி, அதைச் சம்பளம் என வீட்டில் காட்டுவது வறுமை. இந்நான்கிலும் அரசர்க்கு மட்டும் உரியது என்று ஒன்றும் இல்லை. அழுகைக்குத் தகுதி பிறப்பாலோ பதவியாலோ வருவதன்று என்னும் முடிவுக்கு இவ்வழியாகவும் நாம் வந்து சேரலாம்.

இறுதியில் கல்லறைக் காட்சி. வில்லிக்கு முன்மாதிரியாக விளங்கியவர் டேவ் சிங்கிள்மன் என்னும் 84 வயது விற்பனையாளர். விடுதி அறையில் இருந்தபடியே தொலைபேசியில் விற்றவர். அவர் இறந்தபோது நூற்றுக்கணக்கான விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் திரண்டனர் என்பார் வில்லி. வில்லியின் அடக்கத்துக்கு வந்தவர்கள் மனைவி, இரு மகன்கள், சார்லி, பெர்னார்ட் ஆகிய ஐவரே. பெயரில்லாத கூட்டம் வரவில்லை, பெயருள்ளவர்கள் வந்தனர். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை அன்றுதான் செலுத்தியதாக லிண்டா கல்லறையிடம் சொல்கிறார்.

வகுப்பறைக்குச் சில எண்ணங்கள்

1983இல் மில்லரே பெய்ஜிங் சென்று, சீன நடிகர்களைக் கொண்டு சீன மொழியில் இந்நாடகத்தை இயக்கினார். மொழிபெயர்த்த யிங் ரோச்செங் என்பவரே வில்லியாகவும் நடித்தார். ஊர் சுற்றும் விற்பனையாளரும் ஆயுள் காப்பீடும் அன்றைய சீன மக்களுக்குப் பழக்கமற்றவை. ஆயினும், மகன்மீது தன் கனவை ஏற்றும் தந்தையை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர். நம் மாணவர்களும் கண்டுகொள்வர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆசிரியர்களுக்கு மூன்று பயிற்சிகளை முன்வைக்கிறேன். வில்லியின் முரண்பட்ட கூற்றுகளை இணை இணையாகத் தொகுக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இணைக்கும் இடையில் என்ன நேர்ந்தது என்று எழுதச் சொல்லுங்கள். விளிச்சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்குத் தமிழ்ப் பெயர்ப்புத் தேடச் செய்யுங்கள். செயப்பாட்டு வாக்கியங்களைக் கண்டு, மறைந்திருக்கும் செய்பவரை வெளிக்கொணரச் செய்யுங்கள். இலக்கணமும் இலக்கியமும் இருவேறு பாடங்கள் என்னும் எண்ணம் அன்றோடு அகன்றுவிடும்.

மாணவர்களே, பெர்னார்டை மறவாதீர்கள். அவன் வளர்ந்து வழக்கறிஞராகி, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வாதிடப் புறப்படும் நாளில் வில்லியைச் சந்திக்கிறான். அச்செய்தியை அவன் வில்லியிடம் சொல்லவே இல்லை; அவன் விடைபெறும் வேளையில் சார்லி சொல்லித்தான் வில்லி அறிகிறார். இவ்வளவு பெரிய செய்தியை அவன் வாயால் சொல்லவில்லையே என்று வில்லி வியக்கும்போது, செய்யப்போகிறவன் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்னும் பொருளில் சார்லி மறுமொழி தருகிறார்.

பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் தருவதோடு, தங்களை அளந்துகொள்ள ஒரு சொல்லையும் தருகிறோம். முதல் மாணவன், பேர் வாங்கியவன், எல்லாரும் மெச்சும் பிள்ளை என்று நாம் அன்போடு வழங்கும் சொற்களில், மெச்சுவோர் யார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? வில்லி தம் மகன்களுக்கு அன்பைக் குறைவாகத் தரவில்லை. தவறான அளவுகோலை நிறைந்த அன்போடு தந்தார். அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பாராட்டும்போது, அவன் எப்படிப்பட்டவனாகத் தோன்றுகிறான் என்பதை விட்டு, அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லிப் பாராட்டுவோம். அதற்குச் செய்வினை வாக்கியம் ஒன்று போதும்.